கொடிமலையும் டோலி சுமந்தோரும்

செபராங் ஜெயாவில் வாழும் தமிழ் மக்கள் நாள்தோறும் மாலைப் பொழுதில் ஒரு காட்சியைக் காண்கின்றனர். கடற்கால்வாய்க்கு அப்பால், பினாங்குத் தீவின் நடுவே நீண்டு கிடக்கும் நீல மலைத்தொடரின் பின்னே கதிரவன் மறைகின்றான். இருள் சூழ்ந்த சிறிது நேரத்தில் மலையுச்சியில் விளக்குகள் தோன்றுகின்றன. அம்மலையே பினாங்குக் கொடிமலை. மலாய் மொழியில் அதனைப் புக்கிட் பெண்டேரா என்பர்; கொடியின் குன்று என்பதே அதற்கும் பொருள்.

"செபராங்" என்னும் மலாய்ச் சொல் எதிர்க்கரையைக் குறிப்பது. தீவில் நின்று நோக்கியவர்க்கு நமது நிலம் எதிர்க்கரையாயிற்று, அப்பெயரே நிலைத்துவிட்டது. பெயர் மட்டுமன்று, வரலாறும் அவ்வாறே அக்கரையில் நின்று எழுதப்பட்டது. கொடிமலையைப் பற்றிய நூல்களில் கவர்னர்களின் மாளிகைகளும், வணிகர்களின் பங்களாக்களும், பொறியாளரின் திறமையும் விரிவாகப் பேசப்படுகின்றன. அம்மலைமேல் அவர்களைத் தோளில் தூக்கிச் சென்றவர்களைப் பற்றி ஓரிரு வரிகளே உள. இக்கட்டுரையில் யாம் மலையின் வரலாற்றையும் காட்சிகளையும் கூறப் புகுகின்றோம். ஆயினும் இக்கரையில் நின்று கூறப் புகுகின்றோம்.

மலையும் பெயரும்

கொடிமலை என்பது ஒரே சிகரமன்று; பல குன்றுகளின் தொகுதி. மக்கள் சென்று காணும் கொடிமலை ஏறக்குறைய 2,400 அடி உயரமுடையது. அதற்கு மேற்கே உள்ள சிகரமோ 2,700 அடிக்கும் மேற்பட்டது. நீலகிரியிலுள்ள உதகமண்டலம் 7,000 அடிக்கு மேலும், இலங்கையின் நுவரெலியா 6,000 அடிக்கு மேலும் உயர்ந்திருப்பதை நோக்க, நமது மலை சிறியதே. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையூர்களோடு ஒப்பிட்டால் இதனை ஒரு மேடு என்றே கூறிவிடலாம். ஆனால், கிழக்கு நாடுகளில் ஆங்கிலேயர் குளிர்ச்சியை நாடி ஏறிய மலைகளுள் இதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று.

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் பினாங்குத் தீவில் கொடியேற்றினார். கெடா சுல்தானுக்கு உரிய தீவு அது. சுல்தான் எதிர்பார்த்த படைத்துணையைக் கம்பெனி அளிக்கவில்லை, பணமே அளித்தது. இரண்டே ஆண்டுகளில், 1788-இல், லைட் மலைமேல் குதிரைப் பாதை ஒன்றை வெட்டச் செய்து, அங்கே ஸ்டிராபெரிப் பழம் பயிரிட முயன்றார் என்பர். ஸ்டிராபெரிக் குன்று என்னும் பெயர் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. ஜான் சல்லிவன் நீலகிரியில் முதன்முதல் ஏறியது 1819-ஆம் ஆண்டில்தான். எனவே, உதகைக்கும் முப்பது ஆண்டுகள் மூத்தது நம் கொடிமலை.

கொடி எதற்கு? துறைமுகத்தை நோக்கிக் கப்பல் வருவதை மலையுச்சியிலிருந்து முன்னரே காணலாம். கண்டவுடன் கொடிமரத்தில் அடையாளக் கொடி ஏற்றப்படும். கீழே பட்டணத்திலிருப்போர் அதனைக் கண்டு, கப்பல் வருவதை அறிந்துகொள்வர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் நம் முன்னோரை ஏற்றிவந்த கப்பல்கள் முதலில் அணைந்த மலாயாத் துறை பினாங்கே. ஆகவே, பல நாட்கள் கடலையே கண்டு சோர்ந்த அவர்தம் கண்களுக்குப் புதிய நாட்டின் முதல் அடையாளமாகத் தோன்றியது இம்மலையே.

காய்ச்சலும் குளிர்ச்சியும்

மலைமேல் வீடு கட்டும் ஆசை ஆங்கிலேயர்க்கு அழகுணர்ச்சியால் மட்டும் தோன்றியதன்று, அச்சத்தால் தோன்றியது. சதுப்பு நிலமும் அடர்ந்த காடுமாக இருந்த தீவில் காய்ச்சல் மக்களை வாரிக்கொண்டு சென்றது. கொடியேற்றிய லைட்டே 1794-இல் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்காலத்து மருத்துவர் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் கெட்ட காற்று என்பதே. கெட்ட காற்றுக்கு எட்டாத உயரத்தில் வாழ்ந்தால் உயிர் பிழைக்கலாம் என்று கருதினர். நோயுற்ற அதிகாரிகள் உடல் தேறுதற்கென்று மலைமேல் பங்களா எழுந்தது. கவர்னர்க்கு பெல் ரெட்டிரோ என்னும் மாளிகை எழுந்தது.

அவர்கள் காரணத்தில் பிழைத்தனர், பலனில் பிழைக்கவில்லை. உயரே செல்லச் செல்ல ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய இரண்டு டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகின்றது. அதனால் கீழே பட்டணம் வெந்துகொண்டிருக்கையில் மலையுச்சி நான்கைந்து டிகிரி குளிர்ந்திருக்கும். தேங்கிய நீரும் குறைவு, கொசுவும் குறைவு. கொசுவே மலேரியாவைப் பரப்புவது என்னும் உண்மைக்கு வழிகாட்டிய சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல். அதன்பின் 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்புகளை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் தாழ்நிலத்திலும் மக்கள் வாழலாம் என்பது அப்போது வெளிப்பட்டது.

இங்கே நம் மக்கள் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். 1800-ஆம் ஆண்டில் எதிர்க்கரை நிலமும் கம்பெனியின் கைக்கு வந்தது. வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கரும்புத் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் கட்டுண்டு வந்த கூலி மக்கள் அத்தோட்டங்களில் உழைத்தனர். அவர்கள் வாழ்ந்தது எங்கே? ஆற்றோரத்துச் சதுப்பில், தாழ்ந்த நிலத்து லயங்களில். காய்ச்சல் கண்ட அதிகாரிக்கு மலையுச்சி. காய்ச்சல் கண்ட கூலிக்கு அதே லயத்தின் மூலை. கப்பலில் வந்தோரிடையே தொற்றுநோய் இருக்கக்கூடும் என்று ஐயுற்றால் ஜெரெஜாக் தீவில் தடுத்துவைத்தனர். அத்தீவிலேயே தொழுநோயாளரையும் குடிவைத்தனர். இன்று பினாங்குப் பாலத்தின் வழியே தீவுக்குச் செல்வோர் இடப்பக்கம் ஜெரெஜாக்கையும், எதிரே கொடிமலையையும் ஒருங்கே காணலாம். ஒரே நோயச்சம் இரண்டு இடங்களைப் படைத்தது. ஒன்று இளைப்பாறும் இடமாயிற்று. மற்றொன்று தடுத்துவைக்கும் இடமாயிற்று. எவர் எங்கே செல்வது என்பதை நோய் முடிவு செய்யவில்லை. தோலின் நிறமும் கைப்பணமும் முடிவு செய்தன.

ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் சேர்ப்பதும் 1938-இல் இந்திய அரசு விதித்த தடையோடு நின்றது.

டோலியும் தோளும்

இரயில் வருவதற்கு முன் மலையேறுவது எளிதன்று. தாவரத் தோட்டத்தின் அருகிலிருந்து ஏறும் பழைய பாதை இன்றும் உண்டு. ஏறக்குறைய மூன்று மைல் தொலைவு செங்குத்தாக ஏறவேண்டும். குதிரையில் சென்றவர் சிலர். மற்றையோர் நாற்காலியில் அமர்ந்துகொள்ள, அதன் கொம்புகளைத் தோளில் தாங்கிக் கூலியாட்கள் தூக்கிச் சென்றனர். இதனையே டோலி என்பர். மனிதர் மட்டுமா? மலைமேல் உண்ட சோறும், குடித்த மதுவும், படுத்த கட்டிலும் மனிதத் தோளின் மேலேயே ஏறிச் சென்றன. கொடைக்கானலிலும் மோட்டார்ச் சாலை அமையும் முன் வழக்கம் இதுவே.

சாலைகளை வெட்டியவர் யார் என்பதையும் மறத்தலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். நீரிணைக் குடியேற்றங்களில் 1873 வரை இம்முறை நீடித்தது. பினாங்கின் பழைய சாலைகளிலும் கட்டடங்களிலும் அவர்தம் உழைப்பு கலந்திருக்கின்றது.

மலையுச்சியில் அருளொளித் திருமுருகன் கோயில் உள்ளது. இந்தியச் சிப்பாய்களும் டோலி சுமந்தோரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழிபட்ட சிறு கோயிலாக அது தோன்றியது என்பது வழிவழி வரும் செய்தி. சடங்குகளில் மூழ்கிக் காலத்தையும் பொருளையும் வீணாக்குவதை இவ்விதழ் என்றும் கண்டித்தே வந்துள்ளது, அக்கருத்தில் மாற்றமில்லை. ஆயினும், இக்கோயிலை யாம் வேறொரு கண்கொண்டு நோக்குகின்றோம். மாளிகைகளில் அவர்க்கு இடமில்லை. இளைப்பாறும் பங்களாக்களில் அவர்க்குக் கட்டிலில்லை. சுமை இறக்கியபின் தமக்கென்று நிற்க அவர் உண்டாக்கிக்கொண்ட ஒரே இடம் இது. சுமந்தோர் அம்மலைமேல் விட்டுச் சென்ற ஆவணம் என்று இதனைக் கொள்ளலாம். பக்தியோடு செல்வோர் செல்க. பக்தியில்லாதாரும் அங்கே ஒரு கணம் நின்று அவர்களை நினைத்தல் தகும்.

மலை இரயில்

தோளுக்கு விடுதலை தந்தது விஞ்ஞானம். 1897-இல் தொடங்கிய முதல் மலை இரயில் முயற்சி தோல்வியுற்றது. அதன்பின் ஆர்னால்டு ஜான்சன் என்னும் பொறியாளர், சுவிட்சர்லாந்து நாட்டு மலை இரயில்களின் முறையை அறிந்து, புதிய பாதையை அமைத்தார். 1923 அக்டோபரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1924-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கவர்னர் சர் லாரன்ஸ் கில்லமார்டு அதனை முறைப்படி திறந்துவைத்தார். ஆன செலவு ஏறக்குறைய 15 இலட்சம் வெள்ளி.

இவ்விரயில் இயங்கும் முறை எளியது, வியக்கத்தக்கது. ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு வண்டிகள் கட்டப்பட்டுள்ளன. ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும். இறங்கும் வண்டியின் எடையே ஏறும் வண்டியை இழுக்கப் பெரிதும் உதவுகின்றது. குறையும் ஆற்றலை மட்டும் மேலுள்ள இயந்திரம் அளிக்கின்றது. பாதையின் நடுவே தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து, இரு வண்டிகளும் ஒன்றையொன்று கடந்தபின் மீண்டும் ஒன்றாகின்றது. 1879-இல் சுவிட்சர்லாந்தின் கீஸ்பாக் என்னுமிடத்தில், ரோமன் ஆப்ட் என்பார் வகுத்த இந்த நடுவழிப் பிரிவு பயன்பட்டது. அவர் கண்ட பற்சக்கர முறையே நம் நீலகிரி மலை இரயிலிலும் உள்ளது. அது 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகை வரையும் சென்றது. ஓர் ஆல்ப்ஸ் நாட்டவரின் அறிவு நீலகிரிக்கும் பயன்பட்டது. அறிவுக்கு நாடு, இனம் என்னும் வேலியில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அக்காலத்து மரவண்டிகளில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்னும் பிரிவு இருந்தது. பாதையும் இரு பகுதிகளாக இருந்தமையால் நடு நிலையத்தில் இறங்கி வேறு வண்டியில் ஏறவேண்டும். உச்சியை அடைய அரை மணி நேரம் ஆகும். 1977-இல் மரவண்டிகள் நீங்கிச் சிவப்பு வண்டிகள் வந்தன. 2010-இல் பழைய இரயில் நிறுத்தப்பட்டுப் பாதை புதுப்பிக்கப்பட்டது. 2011 முதல் ஓடும் நீலவண்டி ஒரு முறைக்கு 100 பேர் வரை ஏற்றிக்கொண்டு, இடையில் மாறாமல், சில நிமிடங்களில் உச்சியைச் சேர்கின்றது. வழியில் ஏறக்குறைய 260 அடி நீளமுள்ள செங்குத்தான குகையைக் கடக்கும்போது குழந்தைகள் ஆரவாரிப்பர். இன்று அவ்வண்டியில் வகுப்புப் பிரிவில்லை. தோட்டத்துப் பெண்ணும், வெளிநாட்டுச் செல்வரும் தோளோடு தோள் உரசி நிற்கின்றனர். இதனைச் சிறியதொரு மாறுதல் என்று எண்ணற்க.

உச்சியில் உள்ளவை

மேலே இறங்கியவுடன் குளிர்காற்று முகத்தில் படுகின்றது. ஒரு சிற்றூருக்கு வேண்டியன யாவும் அங்கே உள: காவல் நிலையம், அஞ்சலகம், உணவுக் கடைகள், தங்குமிடம், அருகருகே முருகன் கோயிலும் பள்ளிவாசலும். 2010 முதல் இவற்றை மேற்பார்க்கத் தனிக் கழகம் ஒன்று இயங்குகின்றது.

கிழக்கே நோக்கினால் ஜார்ஜ் டவுன் பட்டணமும், துறைமுகமும், பாலமும் பலகையில் தீட்டிய படம்போலத் தோன்றும். 1985-இல் திறக்கப்பட்ட அப்பாலம் 13.5 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் மறுமுனையில் பிறை. அடுத்து நம் செபராங் ஜெயா. நாள்தோறும் கீழிருந்து மலையை நோக்கும் நமக்கு, மலையிலிருந்து நம் ஊரை நோக்குவது புதியதோர் அனுபவம். வானம் தெளிந்த நாளில் வடக்கே கெடாவின் ஜெராய் மலை தெரியும். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கே பழந்தமிழர் கடாரம் என்றழைத்த நிலத்தைச் சேர்ந்தது. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கப்பற்படை அனுப்பியது அக்கடாரத்தின்மீதே. வென்றவன் பெயர் நிலைத்தது. துடுப்புப் போட்டவன் பெயர் அங்கும் இல்லை.

மலையின் மற்றொரு புறத்தில் பழைய கிராக் ஹோட்டல் கட்டடம் உள்ளது. ஜார்ஜ் டவுனில் ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஹோட்டலை நிறுவிய சார்க்கீஸ் சகோதரர் என்னும் ஆர்மீனியர் இதனையும் நடத்தினர். 1955 முதல் 1977 வரை இதில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. 2015-இல் ஒளிபரப்பான இந்தியன் சம்மர்ஸ் என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் கதை சிம்லாவில் நிகழ்வது. ஆனால் அதனைப் படம்பிடித்தது பினாங்கில், இக்கட்டடத்திலும்.

கொடி இறங்கிய நாள்

1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசின. வீதிகளில் பிணங்கள் கிடந்தன. சில நாட்களில் ஆங்கிலேயர் தம் இனத்தாரை இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு தீவை விட்டகன்றனர். நூற்றைம்பது ஆண்டுகள் அவர்க்கு உழைத்த தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கைவிடப்பட்டனர். அந்நெருக்கடியில் பத்திரிகையாசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர் கார்ன்வாலிஸ் கோட்டையிலிருந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். பல இனத்துப் பெருமக்களைக் கூட்டி அமைதி காக்கக் குழு அமைத்தார். லைட் ஏற்றிய கொடியை, தன் மக்கள்மேல் மேலும் குண்டு விழாதிருக்க ஒரு தமிழர் இறக்கினார். "ஆள்வோர் எம்மைக் காப்பர்" என்று நம்பியிருந்த மக்களின் மயக்கம் அன்று தெளிந்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்ததை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. சுமை மாறவில்லை, சுமத்தியவரே மாறினர்.

காடும் மண்ணும்

1848-ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்பவர், பினாங்கு மலைக்காடுகளை அழித்துக்கொண்டே சென்றால் தட்பவெப்பம் கெடும் என்று எச்சரித்து எழுதினார். 2017 நவம்பர் 4, 5-ஆம் நாட்களில் பெய்த பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது, பாதை சிதைந்தது. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் கொடிமலையையும் அதனைச் சூழ்ந்த காடு கடற்பகுதிகளையும், மொத்தம் 12,481 ஹெக்டேர் பரப்பை, உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. பட்டம் கிடைத்தது நன்றே. ஆனால், மரத்தை வெட்டிய கை ஓரிடத்திலிருக்க, சரிந்த மண் வேறொருவன் வீட்டின்மேல் விழுவதே உலக இயல்பாயிருக்கின்றது. அடிவாரத்தில் வாழும் எளியோரே முதலில் துன்புறுவர். ஆகவே, காட்டைக் காப்பது செல்வர்க்குரிய பொழுதுபோக்கன்று, ஏழையின் உயிர்க்காப்பு.

நம் கடமை

1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்தபோது முதலில் இறங்கியது பினாங்கில். தன்மதிப்போடு வாழுங்கள் என்பதே அவர் நம்மவர்க்கு ஊட்டிய அறிவுரையின் சாரம். தன்மதிப்பு என்பது பழம்பெருமை பேசுவதன்று. நம் முன்னோர் மன்னராயிருந்தனர் என்று மார்தட்டுவதுமன்று. அவர்கள் கூலிகளாயிருந்தனர் என்பதை வெட்கமின்றிக் கூறும் துணிவே தன்மதிப்பு. சுமை தூக்கியது இழிவன்று. தூக்கப்பட்டவன் பெயரைக் குன்றுக்கும் சாலைக்கும் சூட்டிவிட்டு, தூக்கியவன் பெயரைத் துடைத்தெறிந்ததே இழிவு.

ஆதலின், தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களை யாம் வேண்டிக்கொள்வது இதுவே. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கொடிமலைக்குச் செல்லுங்கள். படம் எடுத்துக்கொண்டு பலகாரம் உண்டு திரும்பிவிடாதீர்கள். இரயில் எவ்வாறு ஏறுகின்றது என்று கேட்கச் சொல்லுங்கள். இரயிலுக்கு முன் எவ்வாறு ஏறினர் என்றும் கேட்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடம் அவர்தம் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் இறங்கினார், என்ன வேலை செய்தார் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு முதியவரும் மறையும்போது ஒரு பழைய ஏடு எரிகின்றது. பெரிய நூல் எழுதப் புலவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மாணவன் ஒருவன் எழுதும் நான்கு பக்கமும் வரலாறே.

இன்று மாலையும் கதிரவன் அம்மலையின் பின்னே மறைவான். உச்சியில் விளக்கேறும். இக்கரையில் நின்று அதனைக் காணும் நம் பிள்ளைகள், அங்கே முதலில் ஏறிய தமிழர் தோளில் கொம்பு சுமந்து ஏறினர் என்பதையும், தாம் நிமிர்ந்து ஏறுகின்றோம் என்பதையும் ஒருங்கே அறிவாராக.